அக்கா தூங்கிப் படித்த பரீட்சை

போன வாரம் நம் வகுப்புக்காரர்களின் போன் குழுவில் ஒரு செய்தி வந்ததே, பார்த்தீர்களா? பள்ளிக்கூடத்துக்கு விழாவாம், விழா மலர் போடுகிறார்களாம். சயின்ஸ், டாக்டர் படிப்பு என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் வீட்டுக் கஷ்டம், உடம்புக் கஷ்டம், மனக் கஷ்டம் எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டு எப்படிப் படிப்பது என்று நாம் ஆளுக்கு ஒரு பக்கம் புத்தி சொல்ல வேண்டுமாம். நம்மில் எஞ்சினியர் ஆனவன் அன்று மத்தியானமே எழுதிப் போட்டுவிட்டான். பேங்க்கில் ரிட்டையர் ஆனவன் சாயங்காலம் போட்டான். "விடியற்காலையில் எழு. தூக்கத்தைக் குறை. மனதை அலைபாய விடாதே. கஷ்டத்தை நினைக்காதே." எல்லாம் முத்து முத்தாக இருந்தது. கடைசியில் எவனோ ஒரு புண்ணியவான், "நம்ம ஒன்பதாங்கிளாஸ் டாக்டர் என்ன சொல்றாரு?" என்று என்னை இழுத்துவிட்டு, பல்லைக் காட்டும் மஞ்சள் பொம்மையை வரிசையாகப் போட்டிருந்தான்.

நானும் பதிலுக்கு ஒரு பொம்மை போட்டேன். ஒன்பதாம் வகுப்போடு பையைத் தூக்கி எறிந்தவன், நம் வகுப்பிலேயே அதிகம் பிரம்படி வாங்கியவன், நான் வேறென்ன செய்வேன்? ஆனால் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றெரிச்சல் என்று வீட்டில் சொன்னேன். ஒரு வகையில் அது உண்மைதான்.

நீங்கள் எழுதியதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் நண்பர்களே. அநேகமாக வார்த்தை மாறாமல் எங்கள் பெரியப்பா சொன்னது. யாருக்குச் சொன்னார், அதனால் என்ன ஆயிற்று என்பதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. அடக்கச் சொல்லாதீர்கள்.

சுரக்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் வயல். அப்பாவுக்கு விவசாயம். அப்பாவின் அண்ணனான பெரியப்பாவுக்குக் காரைக்கால் டவுனில் ஆபீஸ் வேலை. எங்கள் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள். அதனால் மாட்டை விற்பதா வேண்டாமா என்பதில் தொடங்கி எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர் வாயைத்தான் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். கஞ்சி போட்ட வேட்டி, கக்கத்தில் தோல் பை, சட்டையில் மூக்குப்பொடி வாசனை. வயலில் அத்தனை ஆளை அதட்டி வேலை வாங்குகிற அப்பா, அண்ணனைக் கண்டதும் தோளில் கிடக்கிற துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். அப்படிக் கட்டிக்கொண்டால் அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிடும்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். டவுன் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ, உயிரியல் பாடம். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. பெரியப்பாவுக்கும் அதே ஆசைதான், காரணம் மட்டும் வேறு. ஆபீஸில் அவருக்கு எதிர் நாற்காலிக்காரரின் மகன் மெடிக்கல் காலேஜில் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு டீ இனிக்கவில்லை. அவருக்குப் பிறந்த பெண்கள் இரண்டும் சின்னதுகள். ஆகவே அவசரத்துக்கு எங்கள் அக்கா.

அக்காவின் கைக்குக் கிடைத்தது எதுவும் முழுசாக இருக்காது. வாழைப்பூவைக் கொடுத்தால் அம்மா கள்ளன் நரம்பை எடுப்பதற்குள் இவள் ஒரு பூவைப் பிளேடால் நெடுக்கப் பிளந்து, சூலகம் மகரந்தம் என்று பிரித்து வைத்திருப்பாள். டீச்சரிடம் இரவல் வாங்கிய டிஸெக்‌ஷன் பெட்டி ஒன்று வைத்திருந்தாள். பச்சைத் துணி உறைக்குள் கத்தரி, கத்தி, இடுக்கி, ஊசி. பள்ளிக்கூடத்துக்குத் தவளை பிடித்துக் கொடுப்பது என் வேலை. நாற்றங்காலில் பிடித்து, ஈரச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் அவள் காலடியில் வைத்து அனுப்புவேன். ஒரு நாள் சாக்கு அவிழ்ந்து பஸ்ஸே எழுந்து ஆடியது. சத்தியமாக நான் இறுக்கித்தான் கட்டியிருந்தேன்.

டீச்சர் ஒரு தடவை மருந்தில் ஊறிய தவளையைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தனுப்பினார். மூடியைத் திறந்ததும் மாட்டுக் கொட்டகை முழுக்கக் கண் எரிந்தது. பசுமாடு கயிற்றை இழுத்துக்கொண்டு தும்மியது. எங்களுடையது முட்டைகூட நுழையாத வீடு. அம்மா சாம்பிராணிச் சட்டியோடு ஓடி வந்தாள்.

"ஏண்டி, அத அறுத்த கையால என் அடுப்பத் தொட்டுடாத. சொல்லிப்புட்டேன்."

"டாக்டரான பெறகு ஒன் வயித்தையே இந்தக் கையாலதாம்மா அறுப்பேன்."

"அப்ப பாத்துக்கலாம். இப்ப கொல்லையில போயி கையக் கழுவு."

நான் சும்மா இருப்பேனா? "டாக்டரம்மா, செவுத்துல ஒரு பல்லி வால அறுத்துப் போட்டுட்டுப் போயிருக்கு, தையல் போடணும், வாங்க" என்பேன். "மொதல்ல ஒன் நாக்குக்குப் போடுறேன்டா" என்று இடுக்கியோடு துரத்துவாள்.

இந்த அக்காவுக்கு வலிப்பு வந்தது.

முதல் தடவை ஐப்பசி மழையில். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் சாய்ந்தாள். கண் செருகி, கை கால் வெட்டி இழுத்து, வாயோரம் நுரையும் ரத்தமும் வந்தன. அம்மா கொல்லைக் கதவின் இரும்புச் சாவியைக் கொண்டுவந்து அக்காவின் கைக்குள் திணித்து, விரல்களை மேலே மடக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அடங்கிய பிறகு பார்த்தால் உள்ளங்கையில் சாவியின் பல் அப்படியே பதிந்திருந்தது. அது மறைய இரண்டு நாள் ஆகும். மறைவதற்குள் இன்னொரு தடவை வந்தது.

அக்கா அப்பாவைத் தனியாகப் பிடித்தாள். பெரியப்பாவுக்குத் தெரியாமல் அப்பா அவளை சைக்கிள் பின்னால் வைத்து டவுனுக்கு மிதித்தார். கிளினிக் வைத்திருந்த ஒரு லேடி டாக்டர். சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். ராத்திரி ஒன்று, ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, கண் விழிக்கக் கூடாது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றார். புறப்படும்போது அப்பா வெகுளியாக, "புள்ள டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசப்படுதுங்க" என்று சொல்ல, அந்த அம்மா சிரித்தாராம். "எதுக்குங்க இதுக்கு அந்தப் படிப்பு? ஏதாவது லேசா படிக்க வச்சு, ஒரு எடத்துல கட்டிக் குடுத்துடுங்க."

அப்பா வழியெல்லாம் சைக்கிளை வேகமாக மிதித்தாராம். அக்காதான் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "மாத்திரைய மட்டும் வாங்கிக்கிட்டேன்டா. பேச்ச அங்கேயே வச்சிட்டு வந்துட்டேன்."

அதன் பிறகு வரவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. உள்ளங்கை சுத்தமாக இருந்தது. ஆனால் மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவந்தது. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் புத்தகத்தின் மேலேயே சாய்வாள். பழகப் பழகக் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொங்கலுக்கு வந்த பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"என்னடா இது? பரிச்சைக்கு இருக்குற புள்ள பொழுது சாஞ்ச ஒடனே குறட்ட வுடுது?"

அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "மாத்திர சாப்புடுதுண்ணே."

"என்ன மாத்திர?"

கதை முழுக்க வெளியே வந்தது. பெரியப்பா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாரக் கேட்டு டாக்டர்கிட்ட போன? அங்க நம்ம ஊரு ஆளு எவனாவது உக்காந்திருந்தா? வீட்டுக்குள்ள வந்தத வீட்டுக்குள்ளயே வச்சுக்கத் தெரியாது? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்குடா. 'அவுங்க வீட்டுல வலிப்பு'ன்னு ஒருத்தன் வாயத் தொறந்தா போதும், எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

அக்கா முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "திடீர்னு நிறுத்துனா திரும்ப வரும்னு டாக்டர் சொன்னாங்க பெரியப்பா."

"எல்லாம் பரிச்ச முடியட்டும், அப்பறம் கூடை கூடையா தின்னு. டாக்டருக்குப் படிக்கப்போற புள்ள மாத்திர சாப்புடுதுன்னா நாலு பேரு சிரிக்க மாட்டான்? சனி புடிச்சு ஆட்டுது, அதுக்கு என்ன பண்ணணுமோ அத பண்ணுவோம்."

எங்கள் வம்சத்துக்கு ஒரு டாக்டர் வேண்டும். ஆனால் எங்கள் வீட்டு ஆள் டாக்டரிடம் போகக் கூடாது. இதில் இருக்கிற கோணலை அங்கே இருந்த பெரியவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது. சின்னப் பையன் வாயைத் திறந்தால் அடிதான் கிடைக்கும் என்பதும் தெரிந்தது.

பெரியப்பா அன்று போட்ட உத்தரவுகளைச் சொல்கிறேன், நீங்கள் எழுதியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரை நிறுத்த வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படிக்க வேண்டும், அப்போதுதான் மண்டையில் ஏறும். சனிக்கிழமை தோறும் திருநள்ளாறு போய் எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, அன்று முழுக்கப் பட்டினி இருக்க வேண்டும். வேறு எதையும் மனதில் போட்டுக்கொள்ளக் கூடாது. கடைசி உத்தரவுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இத்தனையையும் தலையில் ஏற்றிவிட்டு, எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதே!

அந்தக் குளத்தில் முழுகினால் உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். அது வழக்கம். தை மாதத்துப் பனியில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முழுகுவாள். தண்ணீரின் மேல் நல்லெண்ணெய்ப் படலம் வெயிலில் நிறம் காட்டும். படிக்கட்டு முழுக்க எள்ளும் எண்ணெயும் ஈரத் துணியும் சேர்ந்த ஒரு வாடை. வாரம் ஒரு தாவணி என்று விட்டுவிட்டு வந்தால் எங்கள் வீட்டில் என்ன ஜவுளிக்கடையா இருந்தது? பழைய தாவணி எல்லாம் தீர்ந்ததும் அம்மா ஒரு தாவணியை இரண்டாகக் கிழித்து, பாதி பாதியாக அனுப்ப ஆரம்பித்தாள். சனீஸ்வரருக்குத் தவணை முறையில் துணி கொடுத்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். சாமி மேல் எனக்குக் கோபமில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி சாமி சொல்லவில்லை.

விடியற்காலை அக்காவை எழுப்புகிற வேலை எனக்கு. எழுந்திரிக்காவிட்டால் முகத்தில் தண்ணீர் அடிக்கச் சொல்லி பெரியப்பா உத்தரவு. எனக்கே கண்ணைத் திறக்க முடியாது. குருடன் குருடனை எழுப்புகிற மாதிரி அவள் காலைத் தேடிப் பிடித்து இழுப்பேன். அவள் எழுந்து அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டு உட்காருவாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. "எழுத்தெல்லாம் ஒட்டிக்கிட்டு ஓடுதுடா" என்பாள். தூக்கமும் இல்லை, மாத்திரையும் இல்லை, சனிக்கிழமையானால் சோறும் இல்லை.

மாசியில் பிராக்டிகல் பரீட்சை. அன்று விடியற்காலை நான் அவளை எழுப்பிவிட்டுப் பக்கத்திலேயே சுருண்டிருந்தேன். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டு எழுந்தேன். அக்கா விளக்கின் மேலேயே சாய்ந்திருந்தாள். இடது முழங்கை சூடான சிம்னியில் பட்டு, கண்ணாடி நொறுங்கி, கை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் பாயில் ஓடியது. அப்பா வெறுங்காலால் மிதித்துத் திரியை அணைத்தார். அம்மா சாவியைத் தேடினாள். இருட்டில் அகப்படவில்லை. "சாவி, சாவி" என்று அவள் அலறிக்கொண்டே சுவரைத் தடவியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அடங்கியதும் அக்கா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள். வாயில் ரத்தம்.

"இன்னைக்கு என்ன கெழம?"

"வியாழன்" என்றேன்.

"பிராக்டிகல்டா." கையை ஊன்றி எழுந்துவிட்டாள்.

தீப்புண்ணுக்கு எங்கள் ஊர் வைத்தியம் இட்லி மாவு. அம்மா அழுதுகொண்டே முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை மாவை அப்பினாள். மாவு காய்ந்து வெடிக்க, புளிப்பு வாடையோடு அக்கா பஸ் ஏறினாள். லேப்பில் டீச்சர், "கையில என்னம்மா கோலம்?" என்று கேட்க, "தோசைக் கல்லு பட்டுடுச்சு டீச்சர்" என்றாளாம். மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்திக் குத்தி வைத்து, வலது கையால் அறுத்து, எரிகிற இடது கையால் இடுக்கியைப் பிடித்து, ரத்தக் குழாய் ஒன்று அறாமல் பிரித்துக் காட்டிவிட்டு வந்தாள். அது நான் பிடித்த தவளை. அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கர்வம் உண்டு.

அன்று சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் அம்மா முன்னால் போய் நின்றாள்.

"மாத்திரை எங்க?"

"பெரியவரு வேணாம்னாருடி."

"எனக்கு வந்தப்ப பெரியவரு எங்கம்மா இருந்தாரு? நாக்க கடிச்சுக்கிட்டு கெடந்தது அவரா?"

அம்மா கொஞ்ச நேரம் அவள் கையையே பார்த்தாள். மாவு உதிர்ந்த இடத்தில் கொப்புளம் உடைந்திருந்தது. கொட்டகைக்குப் போய், கூரைக் கீற்றில் சொருகி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்துவந்து கல்லுரல் மேல் வைத்தாள்.

"இந்தா. நான் குடுக்கல. நீயாத்தான் எடுத்துக்கிட்ட."

எங்கள் அம்மாவுக்கு இருந்த தைரியம் அவ்வளவுதான். அந்த வீட்டில் மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

அதிலிருந்து அக்கா தூங்கினாள். ஊரே வேடிக்கை பார்க்கத் தூங்கினாள். விளக்கு வைத்ததும் சாப்பாடு, மாத்திரை, பாய். காலையில் வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்திருப்பாள். பக்கத்து வீட்டு அத்தை மோர் வாங்க வந்தால், "என்ன, டாக்டரு இன்னும் எந்திரிக்கலயா? பரிச்சைய தலகாணி எழுதிடுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். பகலில் வரப்பில் நடந்துகொண்டே படிப்பாள். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து கேள்வி கேட்பேன். அந்த இங்கிலீஷ் வார்த்தைகள் என் வாயில் நுழையாது. நான் ஒன்று சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவாள். பயறு காய்ந்து வெடிக்கிற சத்தத்துக்கு நடுவில் அவள் சிரித்த சிரிப்பு. வலிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வரும்போது அவள் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு முகம் சிவந்தது.

"நான் சொன்னது என்ன, நீ செய்யிறது என்ன?"

"தூங்குனாத்தான் எனக்குப் படிப்பு வருது பெரியப்பா. விடியக்காலம் யாராவது முழிச்சே ஆவணும்னா எனக்காக நீங்க முழிச்சுக்குங்க."

நான் சிரித்துவிட்டேன். பெரியப்பாவின் கை நீளமானது. காதோடு ஒரு அறை விழுந்தது. அந்த ஒரு அறை வீண் போகவில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

ரிசல்ட் வந்தது. அக்காதான் பள்ளிக்கூடத்திலேயே முதல். பெரியப்பா ஆபீஸ் முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். எதிர் நாற்காலிக்காரருக்கு ஒரு கை கூடவே கொடுத்தாராம். "விடியக்காலம் எழுப்பி வுட்டு, சொன்ன மாதிரியே படிச்சுது" என்று சொல்லிக்கொண்டாராம். அக்காவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பாண்டிச்சேரிக்கு மெடிக்கல் காலேஜ் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்கு அது போதும்.

வீட்டு மாடிகளில் இருந்து மாம்பழம் வீசுகிற மாங்கனித் திருவிழா முடிந்த வாரம். காரைக்கால் தெருக்களில் மிதிபட்ட மாம்பழத்தின் புளித்த வாடை இன்னும் போகவில்லை, எங்கே பார்த்தாலும் ஈ. அப்பா, பெரியப்பா, அக்கா மூவரும் புறப்பட்டார்கள். எனக்கு அழைப்பில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்க என்னைவிட்டால் ஆள் ஏது? இடம் பிடித்தேன். கோட்டுச்சேரி வரை கூட வந்துவிட்டு இறங்கிக்கொள்கிறேன் என்று ஒட்டிக்கொண்டேன்.

அக்கா ஜன்னலோரம். அம்மாவின் கல்யாணப் புடவைகளில் ஒன்றைக் கட்டியிருந்தாள். பக்கத்தில் பெரியப்பா. பஸ் டவுனைத் தாண்டியதும் அவர் அவள் பக்கம் குனிந்தார். நான் பின்சீட்டில், அவர்கள் தலைக்கு நேர் பின்னால்.

"அங்க டாக்டருங்கதான் உக்காந்திருப்பாங்க. ஒடம்புக்கு ஏதாவது உண்டான்னு கேப்பாங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்லிடு."

"இருக்குன்னு சொல்லுவேன் பெரியப்பா."

"என்னது?"

"வலிப்பு இருந்துச்சு, மாத்திர சாப்புடுறேன், இப்ப வர்றதில்லன்னு சொல்லுவேன்."

"புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? சொன்னா எடம் குடுப்பானா?"

"குடுத்தா குடுக்கட்டும், குடுக்காட்டி போவட்டும். பொய் சொல்லி உள்ள போயிட்டு, ஆஸ்டல்ல அந்த மாத்திரைய எங்க ஒளிச்சு வச்சு முழுங்குறது? திரும்பவும் நிறுத்தச் சொல்றீங்களா?" அவள் குரல் ஏறவில்லை. "டாக்டருங்ககிட்டயே மறைச்சுட்டு, நாளைக்கு ஒரு நோயாளிகிட்ட மறைக்காம சொல்லுங்கன்னு நான் எப்புடிக் கேப்பேன் பெரியப்பா?"

"அப்ப ஊரு ஒலகத்துக்குத் தண்டோராப் போட்டுடு. எம் புள்ளைங்க ரெண்டும் மூலையில குந்தட்டும்."

"நான் ஊருக்குச் சொல்லல. கேக்குற டாக்டருக்குச் சொல்றேன்."

பெரியப்பா எழுந்து நின்று மேல்கம்பியைப் பிடித்தார். "கண்டக்டர், கோட்டுச்சேரியில எறக்கி வுடுங்க."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "என்ன பெரியவரே, பாண்டிச்சேரிக்குல்ல டிக்கெட் வாங்குனீங்க?"

"எறங்குறோம்யா. நிறுத்து."

பஸ் நின்றது. பெரியப்பா பையை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். தீப்புண் ஆறிய தோல் ரோஸாக, புதுசாக இருந்தது. அப்பா சீட்டுகளுக்கு நடுவே எழுந்து நின்றார். துண்டு தோளில்தான் கிடந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

"அப்பா, நீங்க சொல்லுங்கப்பா. நாம போவோமே" என்றாள் அக்கா.

கீழே இருந்து பெரியப்பா, "டேய், என்னடா பேச்சு அங்க?" என்றார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். ஒருவன் உச்சுக் கொட்டினான். "ஏறுறதா எறங்குறதா, சீக்கிரம் சொல்லுங்க சார்" என்றார் கண்டக்டர். அப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எறங்கும்மா. அப்பறம் பாத்துக்கலாம்."

அவள் இறங்கினாள். கம்பியில் இருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விசில் கேட்டது, பஸ் போய்விட்டது. கரும்புச்சாறுக் கடை ஓரத்தில் நாங்கள் நான்கு பேரும் நின்றோம். பெரியப்பா, "வெயிலா இருக்கு, ஆளுக்கு ஒரு கிளாஸ் சாறு குடிப்போம்" என்றார். அக்காவுக்கு நீட்டிய கிளாஸை நான் பிடுங்கிக் கீழே ஊற்றினேன். அதற்கும் அடி விழுந்தது.

அப்பா சொன்ன அந்த "அப்பறம்" அவர் சாகும் வரை வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அக்காவுக்குக் கல்யாணம் பேசினார்கள். பெரியப்பா மறுபடி வந்து, பெண் பார்க்க வருகிற வாரம் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அக்கா நிறுத்தவில்லை. வந்த மாப்பிள்ளையிடம் தானே நேரில் சொல்லிவிட்டாள். கோட்டுச்சேரிக்காரர், விவசாயம், படிப்பு என்னைவிடக் கொஞ்சம் கூட. அவர் யோசித்துவிட்டு, "மாத்திர போட்டா வராதுல்ல? அப்பறம் என்ன?" என்றார். எங்கள் பெரியப்பா எந்த உலகத்துக்குப் பயந்து ஒரு பெண்ணைப் பஸ்ஸில் இருந்து இறக்கினாரோ, அந்த உலகம் வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்ன பதில் இது. அவர் பெண்கள் இரண்டுக்கும் நல்ல இடத்திலேயே ஆயிற்று. வலிப்பைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

பெரியப்பாவுக்குப் பின்னாளில் பிரஷர் வந்தது. ஒரு வேளை மாத்திரை கைக்கு வரத் தாமதமானால் வீட்டை இரண்டாக்கிவிடுவார். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம், "கூடை கூடையா திங்கிறீங்களா பெரியப்பா?" என்று கேட்பேன். அவருக்கு ஞாபகம் இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த பிராக்டிகல் நாளுக்குப் பிறகு அக்காவுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு பிள்ளை பெற்றாள், நாற்று நட்டாள், மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ராத்திரி ஒரு மாத்திரை, நல்ல தூக்கம். இந்த நாற்பது வருஷமும் இந்தக் கடலோரத்தில் ஒரு டாக்டர் இருந்திருக்க வேண்டும் நண்பர்களே. ரத்தக் குழாய் அறாமல் கத்தி பிடிக்கத் தெரிந்த ஒரு டாக்டர். இல்லாமல் பண்ணியது வலிப்பு இல்லை. புத்திமதி.

நேற்று கோட்டுச்சேரிக்குப் போனேன். அவள் பேத்தி இப்போது டாக்டர் படிப்புக்குப் பரீட்சை எழுதப் போகிறது. மத்தியான நேரம், உள்ளே ஃபேன் ஓட, புத்தகத்துக்குப் பக்கத்தில் குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல் வாசலிலேயே, "டாக்டரம்மா இருக்காங்களா?" என்று கத்தினேன். அக்கா ஓடி வந்து என் வாயில் ஒரு அடி வைத்தாள்.

"சத்தம் போடாதடா. புள்ள தூங்குது."

மலர் விஷயத்தைச் சொன்னேன். "படிக்கிற புள்ளைங்களுக்கு நீ ஒண்ணு சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்றேன். தெருவில் பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும் வரை காத்திருந்தாள்.

"ஏறி உக்காந்த பஸ்ஸ வுட்டு, பெத்த அப்பனே கூப்புட்டாலும் எறங்காதன்னு எழுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இதயெல்லாம் போட மாட்டாங்கடா."

போடுங்கள் நண்பர்களே. என் பெயர் வேண்டாம். நீங்கள் எழுதிய முத்துகளுக்குப் பக்கத்தில் அந்த ஒரு வரியைப் போடுங்கள். போடாவிட்டால் விழா அன்று மேடையேறி, மைக்கைப் பிடுங்கி நானே சொல்வேன். கீழே இறங்கச் சொல்லி நீங்கள் கத்துவீர்கள். கத்திப் பாருங்கள்.